ஒரே பக்கம் பார்த்த இரண்டு பின்கள்

இனிமேல் என் சைக்கிளை என்னைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணிக்கு, விளாங்குடியில் எங்கள் வீட்டு கேட்டருகே, வேர்வையில் நனைந்த சட்டையோடு நின்று இப்படி ஒரு சபதம் செய்தேன். வாய்விட்டே செய்தேன். அதுதான் தப்பு. மனசுக்குள் செய்த சபதத்தை யாருக்கும் தெரியாமல் கைவிட்டுவிடலாம். இதை முனீஸ்வரி கேட்டுவிட்டாள்.

முனீஸ்வரி என் மனைவி. முப்பத்தொரு வருஷமாக.

"ஏன் உருட்டிக்கிட்டு வாரீங்க?"

"கிராங்க் போச்சு."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல. இந்தா தொங்குது பாரு."

இடது பக்க மிதிக்கட்டையைத் தாங்கும் இரும்புத் தண்டு, வாங்கிய அடியை மறைக்கத் தெரியாத கைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது காட்டர் பின் என்ற விரல் நீள ஆப்பு ஒன்றுதான். அது தேய்ந்து, வளைந்து, வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

"எங்க வச்சு ஒடஞ்சது?"

"இங்கதான். பாத்திமா காலேஜ் பக்கம்."

"அங்கருந்து உருட்டிட்டு வர இம்புட்டு நேரமா?"

"சிக்னல் போட்டுட்டான்."

அவள் குனிந்து, தொங்கிய தண்டை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தாள்.

உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சைக்கிள் உடைந்தது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வாசலில்.

கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். மாலையில் கொண்டுவந்து கொட்டும். ஓய்வு பெற்ற மறுநாளும் கால்கள் ஆறு மணிக்கு எழுந்துகொண்டன. எங்கே போவது என்று மட்டும் அவற்றுக்குத் தெரியவில்லை. கூடத்திலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து வாசலுக்கு. "கூட்டுல போட்ட கோழி மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் அலையாதீங்க, எனக்குத் தலை சுத்துது" என்பாள் முனீஸ்வரி. அந்தச் சமயத்தில்தான் எனக்கு சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். மகள் சத்யப்ரியா பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். சைக்கிள் எனக்கு வந்தது.

மாலை ஐந்துக்குக் கிளம்புவேன். விளாங்குடிக் கண்மாயைச் சுற்றி நாலு ரவுண்டு என்று வீட்டில் சொல்லியிருந்தேன். போவது ஆரப்பாளையம். தேனி பஸ் நிற்கிற இடத்தில் ஒரு தூணோரம் நிற்பேன். கம்பம், போடி, திண்டுக்கல், கோயம்புத்தூர். ஒவ்வொரு பஸ்ஸும் கிளம்பும்போது எனக்குள்ளிருந்து ஏதோ ஒன்று எழுந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளும். பஸ் போய்விடும். அது திரும்பி வர இரண்டு வாழைக்காய் பஜ்ஜி ஆகும். ஏழு மணிக்கு நானும் அதுவும் வீடு திரும்புவோம். இதுவரை ஒரு பஸ்ஸிலும் ஏறியதில்லை.

அறுபது வயதுக்காரன் பஸ் பார்க்கப் போகிறேன் என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது? பஜ்ஜியை எப்படிச் சொல்வது?

நடந்து போனால் அவளும் கூட வருவாள். டவுன் பஸ்ஸில் போனால், எங்கே என்று கேட்பாள். சைக்கிள்தான் தோது. துருப்பிடித்துவிட்டது என்று சொல்லிக் கேரியரையும் கழற்றி எறிந்துவிட்டேன். உலகத்திலேயே மனைவி கூட வந்து ஏற முடியாத வாகனம் அது ஒன்றுதான்.

"நாளைக்கு முஜிபு பாய்ட்ட விடுவோம்" என்றாள். "நானும் வாரேன். கண்மாயச் சுத்துனதுக்கா ஒரு சைக்கிளு இப்படித் தேயும்னு அவர்ட்ட கேக்கணும்."

முஜிபுர் ரஹ்மான், சத்யா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்த சைக்கிளைப் பழுது பார்க்கிறவர். அவர் கடை இருப்பது ஆரப்பாளையத்தில், பஜ்ஜிக் கடைக்கு நேர் எதிரே. தினமும் என்னைப் பார்த்துக் கை தூக்குவார். அன்றைக்கு மட்டும் யாரோ சொந்தக்காரர் நிக்காஹ் என்று கடையைச் சாத்தியிருந்தார், அதனால்தான் நாலு கிலோமீட்டர் உருட்டினேன். மனுஷன் கைத்தொழிலில் சுத்தம். வாய்க்குத்தான் பிரேக் கட்டை கிடையாது.

அதனால்தான் அந்தச் சபதம்.

"நீங்களா? சரி பண்ணப் போறீங்களா?"

"கப்பலூர்ல இருபத்தெட்டு வருஷம் ஸ்பேனரோட பொழங்குனவன் நான்."

"நீங்க ஸ்டோர்ல ஸ்பேனர எடுத்துக் குடுத்தவருதான? சோறு பரிமாறுறவன்லாம் சமையக்காரனா?"

"பாக்கத்தான போற."

"பாக்குறேன். ஞாயித்துக்கிழம சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள ஓடுச்சுன்னா உங்க சைக்கிளு, உங்க ரவுண்டு. எங்க போறீங்கன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன். ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு, நீங்களும் நானும் மொட்ட மாடில எட்டு போடுவோம்."

எட்டு போடுவது என்றால் தெரியுமல்லவா? தரையில் எட்டு என்ற எண்ணைப் பெரிதாக வரைந்து அதன் மேலேயே நடப்பது. சர்க்கரைக்கு நல்லதாம். முனீஸ்வரி மறுநாள் காலையே மாடியில் வரைந்துவிட்டாள். சுண்ணாம்புக் கட்டியால் அல்ல, காவி பெயின்ட்டால். மழை பெய்தாலும் அழியாது. நான் மேலே போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். எட்டில் நடக்கிறவன் ஆயுசு பூராவும் நடக்கலாம். ஒரு ஊரும் வராது.

புதன்கிழமை கூடத்து வாசலில் வைத்து வேலையைத் தொடங்கினேன். வலது பக்கப் பின்னையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். நட்டைக் கழற்றிவிட்டுச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் பின் வெளியே வந்துவிடும் என்பது என் கணக்கு. ஒரு தட்டில் வரவில்லை. பத்தில் வரவில்லை. நூறில் அதன் தலை காளான் மாதிரி விரிந்துகொண்டது. இனிமேல் அது எந்த ஓட்டை வழியாகவும் எந்தப் பக்கமும் போகாது.

பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவளும் முனீஸ்வரியும் ஒரே மகளிர் குழு.

"என்ன மதினி, கதவு மாத்துறீங்களா?"

"இல்ல, உங்க அண்ணே சைக்கிள சரி பண்றாரு."

"அடியாத்தி! எந்தச் சைக்கிள?"

"இருந்த சைக்கிள."

எனக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தவன் பின்னை அறுத்து எடுத்ததோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் அச்சையே உருவினேன். உள்ளே குண்டுமணி மாதிரி இரும்புக் குண்டுகள் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவை என்னைவிட அவசரத்தில் இருக்கும் என்பது தெரியாது. பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு குண்டுகளும் ஒரே நேரத்தில் விடுதலை பெற்றன. கூடம், அடுப்படி, பீரோவுக்கு அடி, சாக்கடைக் கம்பி. தரையில் குப்புறப் படுத்துப் பத்தொன்பதைப் பிடித்தேன். பீரோவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியபோது, இத்தனை சுலபமாக இந்த வீட்டை விட்டுப் போக முடியுமா என்று அந்த மூன்றின் மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை புதுப் பின்கள் இரண்டு வாங்கினேன். இரண்டையும் ஒரே மாதிரி, அழகாக, மேலிருந்து கீழே இறக்கி முடுக்கினேன். ஒழுங்கு என்றால் அதுதானே? ஸ்டோரில் எல்லாச் சாமானும் ஒரே பக்கம் பார்த்துத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை காலை தெருவில் இறக்கி ஏறி உட்கார்ந்தேன்.

ஒரு மிதிக்கட்டை அடிக்குப் போகும்போது மற்றது உச்சிக்கு வர வேண்டும். வரவில்லை. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமனைப் போலப் பாதி வழியில் நின்றுவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் சைக்கிள் ஒருமுறை விந்தியது. நான் ஒருமுறை குதித்தேன். மூன்று குண்டு குறைந்த அச்சு, சந்தையில் கட்டிப்போட்ட வாத்துபோலக் கத்தியது.

"மதினி, அண்ணே சைக்கிளு ஓட்டுறாரா, நெல்லுக் குத்துறாரா?" என்று சுவருக்கு மேலிருந்து ஒச்சம்மாள் கேட்டாள்.

"ரெண்டும்தான். நெல்லு மட்டும் இல்ல" என்றாள் முனீஸ்வரி.

தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு உருட்டிக்கொண்டு வந்தேன். எட்டு தலைக்கு மேலே படுத்திருந்தது. அதன் இரண்டு கண்களும் என்னைப் பார்ப்பது மாடித் தளத்தைத் துளைத்துக்கொண்டு தெரிந்தது.

அன்று மத்தியானம் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு செக்கானூரணில ஒரு காதுகுத்து. காலையில போயிட்டு சாயந்தரம் வாரேன். நீங்களும் வாரீங்களா?"

"சைக்கிள் வேலை கெடக்கு."

"ஆமால்ல. கெடு இருக்குல்ல. நீங்க இருங்க. கறிச்சோறு எடுத்துட்டு வாரேன்."

முப்பத்தொரு வருஷத்தில் அவள் எதற்கும் இத்தனை சுலபமாகத் தலையாட்டியதில்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மனசு அதற்குள் அடுத்த நாளுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை எட்டு மணிக்கு அவள் ஷேர் ஆட்டோ ஏறினாள். எட்டு ஒன்றுக்கு முஜிபு பாய்க்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்கண்ணே. கெளம்பிட்டேன்."

நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. அவசரத்தில் விட்டுவிட்டேன்.

மொபெட்டில் வந்து இறங்கினார். சைக்கிளைப் பார்த்தார். குத்தவைத்து உட்கார்ந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"யா அல்லா. யாருண்ணே இதச் செஞ்சது?"

"தெரிஞ்ச ஒருத்தர்."

"அவரு கைய ஒடைக்கணும்ணே."

"பாவம் பாய், வயசானவரு."

"வயசானவருன்னா பேசாம வீட்ல இருக்கலாம்ல? ரெண்டு பின்னையும் ஒரே பக்கம் பாக்க வச்சிருக்காரு. ஒண்ணு மேலருந்து எறங்குனா இன்னொண்ணு கீழருந்து ஏறணும்ணே. அப்பத்தான் ரெண்டு மிதியும் நேர் நிக்கும். ரெண்டும் நான்தான் மேலன்னு நின்னா வண்டி நொண்டும். குடும்பமும் அப்படித்தானே?"

பேசிக்கொண்டே கழற்றினார். கிரீஸைத் தடவி, குறைந்த மூன்றைத் தன் பையிலிருந்து சேர்த்து, அதில் குண்டுகளை ஒட்டவைத்தார். ஒன்றுகூட உருளவில்லை. என்னிடமிருந்து ஓடிய குண்டுகள் அவரிடம் பால்வாடிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தன. அரை மணி நேரம். மிதிக்கட்டையைச் சுற்றிவிட்டார். சத்தமே இல்லை.

"பாய், வீட்டுல சொல்லிராதீங்க. நானா செஞ்சதா இருக்கட்டும்."

"நான் எதுக்குண்ணே சொல்லப் போறேன்? அதுக்கு வேலையே இல்ல" என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினார்.

அவர் போனதும் மிச்சமிருந்த கிரீஸை எடுத்து இரண்டு கையிலும் முழங்கை வரை பூசிக்கொண்டேன். நெற்றியில் ஒரு கோடு. பனியனில் இரண்டு இடம். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அப்படியே சாயந்தரம் வரை எதையும் தொடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

முனீஸ்வரி வந்தாள். கறிச்சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு நேரே சைக்கிளிடம் போனாள். மிதிக்கட்டையைச் சுற்றிவிட்டுக் குனிந்து காது கொடுத்தாள்.

"ஏங்க, நீங்களா செஞ்சீங்க?"

"பின்ன?"

"அம்புட்டையும்?"

"அம்புட்டையும்."

"நேத்து ரெண்டு மிதியும் கோணிக்கிட்டு நின்னுச்சே?"

"ஒரு பின்னு மேலருந்து எறங்குனா இன்னொண்ணு கீழருந்து ஏறணும் முனீஸ்வரி. ரெண்டும் நான்தான் மேலன்னு நின்னா வண்டி நொண்டும். குடும்பமும் அப்படித்தான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஏதோ மினுங்கியது. பெருமிதம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு போனை எடுத்தாள். மகளிர் குழுவுக்கு வாய்ஸ் மெசேஜ். "எங்க வீட்டுக்காரரு கிராங்க்கப் பிரிச்சு மாட்டி ஓடவிட்டுட்டாரு. கம்பெனிக் கை, என்ன இருந்தாலும் கம்பெனிக் கைதான். எங்கயும் கத்துக்காம அவராவே செஞ்சாரு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் கை கழுவப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் என்னைப் பற்றி அவள் நாலு பேரிடம் நல்லதாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சோப்பைப் போட்டுக்கொண்டே இருந்தேன். கிரீஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. நாலே முக்காலுக்குத் தலை வாரினேன். நாலு நாள் பட்டினி கிடந்த கால்கள் செருப்பைத் தேடி ஓடின. சைக்கிளை இறக்கி கேட்டைத் திறந்தேன்.

வெளியே ஒச்சம்மாள் நின்றாள். கையில் ஒரு சைக்கிள். அவளுக்குப் பின்னால் குழுவைச் சேர்ந்த இன்னும் மூன்று பேர், மூன்று சைக்கிள்.

"அண்ணே, எங்க வண்டிலயும் கிராங்க்கு ஆடுதுண்ணே. மதினி சொன்னாங்க, நீங்க கைய வச்சாச் சத்தமே இருக்காதாமே!"

திரும்பிப் பார்த்தேன். முனீஸ்வரி வாசற்படியில் நின்றாள்.

"எனக்கு ரவுண்டு போகணும்ல?" என்றேன்.

"போங்க. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்னு சொன்னேன்ல? கேக்கல. வந்தவங்களுக்குப் பதில மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"இல்ல... இதெல்லாம் எனக்கு..."

"செய்யத் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிருங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல. அப்ப அத யாரு செஞ்சதுன்னு அவங்க கேப்பாங்க." குரலைத் தாழ்த்தினாள். "மாடில எட்டு சும்மாத்தான் கெடக்கு."

"ஒரு நிமிஷம், ஸ்பேனர எடுத்துட்டு வாரேன்" என்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். முஜிபு பாய்க்குப் போன்.

"பாய், ஒடனே வாங்க. நாலு சைக்கிளு."

"எப்படிண்ணே வாரது? இன்னிக்கு மதினி வீட்லதான இருக்காங்க?"

"மதினி வீட்ல இருக்குறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

போனுக்குள் எங்கோ ஒரு கண்டக்டர் தேனி தேனி என்று கூவுவது கேட்டது.

"புதன்கிழமையே போன் போட்டாங்கண்ணே. சனிக்கிழம நான் ஊருக்குப் போயிருவேன், அவரு கூப்புடுவாரு, போயி நல்லாச் செஞ்சு குடுத்துருங்க, அவரா செஞ்சதாவே இருக்கட்டும்னாங்க."

"நான் தெனமும் எங்க போறேன்னும் சொல்லிட்டீங்களா?"

"அது அவங்க வந்து மூணு மாசமாச்சுண்ணே. கடைக்கு உள்ளார நின்னு உங்களப் பாத்தாங்க. நீங்க தூணுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தீங்க. இருங்க மதினி, கூப்புடுறேன்னு சொன்னேன். வேணாம் பாய், நிக்கட்டும், பஸ்ஸுதான பாக்குறாருன்னுட்டுப் போயிட்டாங்க. போன வாரம் டெஸ்ட்டுல சுகர் ஏறி வந்துச்சாமுல்ல? அதுக்குப் பெறகுதான், பஜ்ஜி எம்புட்டுத் திங்கிறாருன்னு கேட்டாங்க. கேட்டா எப்படிண்ணே பொய் சொல்றது?"

போனை வைத்துவிட்டேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாதம். தினமும் ஐந்து மணிக்கு, கண்மாய்ப் பக்கம் நாய் நிக்கும், பாத்துப் போங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். எத்தனை நாய் பார்த்தேன் என்று வந்து நானும் சொல்லியிருக்கிறேன்.

வெளியே வந்தபோது அவள் வாடாமல்லி நிறத்தில் சேலை மாற்றியிருந்தாள். கையில் என் சைக்கிள்.

"அத எங்க கொண்டு போற?"

"நீங்கதான் வேலையா இருக்கீங்களே. சும்மா நிக்கிறதுக்கு நான் ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்."

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"கேட்டீங்களா?"

கேட்டதில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு காலை வைத்து உந்தினாள், ஏறினாள், போனாள். இரண்டு மிதியும் நேருக்கு நேர் நின்று, ஒன்று இறங்க ஒன்று ஏற, சத்தமே இல்லாமல். தெருக்கோடியில் கண்மாய் பக்கமும் திரும்பவில்லை, கடைத்தெருப் பக்கமும் திரும்பவில்லை. நேரே ஆரப்பாளையம் போகிற மெயின் ரோட்டில் ஏறினாள். எங்கே போகிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் உட்கார்ந்தேன். ஒச்சம்மாளின் சைக்கிளைப் படுக்க வைத்து, முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினேன்.

"இந்த நாலோட முடிஞ்சுதாம்மா?"

"இன்னிக்கு நாலுண்ணே. தெனமும் அஞ்சுலருந்து ஏழு வரைக்கும் ஆள் பிரிச்சு விட்டுருக்காங்க மதினி. பொங்கல் வரைக்கும் நாள் காலி இல்ல." ஒச்சம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "எந்த வருஷப் பொங்கல்னுதான் சொல்லல."